காரில் நாய்: கட்டிவைப்பதும் காப்பாற்றுவதும்

"எங்க நாய் சொன்னாக் கேக்குமுங்க. காருல அது பாட்டுக்கு உக்காந்துக்கும். அதைப் போய் எதுக்குங்க கட்டோணும்?" கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "நாங்க எப்பவுமே கட்டித்தான் கூட்டிட்டுப் போவோம்" என்பவர்களும் உண்டு. அவர்கள் காரை எட்டிப் பார்த்தால், கழுத்துப்பட்டையில் மாட்டிய சங்கிலியின் மறுமுனை கதவுக்கு மேலுள்ள கைப்பிடியில் சுற்றியிருக்கும். இரண்டு தரப்பும் யோசிப்பது ஒன்றைத்தான்: காருக்குள் நாய் அங்கே இங்கே ஓடாமல் இருக்குமா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கார் கண் இமைப்பதற்குள் நின்றுபோனால், நாயை எது நிறுத்தும்? உடம்பின் எந்த இடத்தைப் பிடித்து நிறுத்தும்?

இந்தக் கேள்விக்கு விடை புரிந்துவிட்டால், கடையில் எந்தப் பட்டையை எடுப்பது, எதில் மாட்டுவது, எவ்வளவு நீளம் விடுவது எல்லாம் தானாகப் புரியும்.

டவுன் பஸ்ஸில் நின்று வந்தவர்களுக்குத் தெரிந்தது

காந்திபுரத்தில் பஸ் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். யாரும் தள்ளாமலே நீங்கள் முன்னால் போய் விழுகிறீர்கள். பிரேக் நிறுத்தியது பஸ்ஸை. உங்களை நிறுத்த எதுவும் இல்லாததால் உங்கள் உடம்பு பஸ் போன வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஓடுகிற பொருள், எதிர்ப்பு வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர்.

பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நாயும் அந்தப் பயணியைப் போலத்தான். கார் 60 கி.மீ. வேகத்தில் போனால் நாயும் 60-இல் போகிறது. கார் நின்றால், முன் சீட்டின் முதுகோ, டிரைவரின் தலையோ, கண்ணாடியோ வந்து நிறுத்தும்வரை நாய் நிற்காது. அது எவ்வளவு பழகிய நாய், எவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும் என்பதற்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

வேகத்தை எண்ணில் சொன்னால் பயம் வராது, உயரத்தில் சொன்னால் வரும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் எதன் மீதாவது மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம்; அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி. 50 கி.மீ. என்றால் ஏறக்குறைய 10 மீட்டர். 60 கி.மீ. என்றால் 14 மீட்டர். வளர்ந்து நிற்கும் நெட்டைத் தென்னையின் உச்சி. அவிநாசி பைபாஸில் எல்லோரும் சாதாரணமாகப் போகும் 80 கி.மீ. வேகத்துக்கு 25 மீட்டர். எட்டு மாடிக் கட்டடம். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். 40 கி.மீ.-க்கே 6 மீட்டர் என்பதால், "ஊருக்குள்ளதானே ஓட்டறோம்" என்பதும் ஆறுதல் தருகிற வாதமாக இல்லை.

மோதல்கூட வேண்டாம். குறுக்கே ஓர் ஆடு வந்து பிரேக்கை அழுத்தினாலே, கட்டாத நாய் சீட்டிலிருந்து உருண்டு கால் வைக்கும் பள்ளத்தில் விழும். சின்ன நாய் முன் பக்கம் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால், அடுத்த முறை பிரேக்கை மிதிக்க இடம் இருக்காது.

மடியில் பிடித்துக்கொண்டால்?

பக், பொமரேனியன் வைத்திருப்பவர்கள் பலரும் செய்வது இது. எட்டுக் கிலோ பக்கை யாரும் சுலபமாகத் தூக்கிவிடலாம். ஆனால் 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கும்போது, அந்த எட்டுக் கிலோவை நிறுத்தத் தேவைப்படும் விசை சராசரியாக 160 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். 25 கிலோ அரிசி மூட்டை ஆறுக்கு மேல். கைகளால் அது முடியாது. முன் சீட்டில் மடியில் இருந்தால் ஆபத்து இன்னொன்று: காற்றுப்பை (ஏர்பேக்) மணிக்கு 200 கி.மீ.-க்கு மேலான வேகத்தில் விரியும், அதற்கும் உங்கள் மார்புக்கும் நடுவில் நாய் இருக்கும். ஆகவே எந்த நாயாக இருந்தாலும் இடம் பின் சீட்டுதான்.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது: காரை நிறுத்தும் பிரேக் நாயை நிறுத்தாது. நாயைக் காரோடு சேர்த்து நிறுத்த ஏதாவது ஒரு பிணைப்பு வேண்டும். கை அந்தப் பிணைப்பு ஆகாது.

லாரியில் பாரம் கட்டுகிறவரிடம் கேளுங்கள்

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரியில் பாரம் ஏற்றியதும் கயிற்றை இழுத்து இழுத்து முறுக்கிக் கட்டுவார்கள். கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், "கயிறு அத்துரும்" என்பார்கள். அதே கயிறு, அதே பாரம். இறுக்கிக் கட்டினால் தாங்குகிறது, தொய்வாகக் கட்டினால் அறுகிறது. நாய்ப் பிணைப்பின் மொத்த விஷயமும் இதற்குள் இருக்கிறது, எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இறுகக் கட்டிய பாரம், லாரி வேகம் குறையத் தொடங்கும் அதே கணத்தில் தானும் வேகம் குறையத் தொடங்குகிறது. லாரி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் முழுவதும் அதற்கும் கிடைக்கிறது. தொய்வாகக் கட்டிய பாரம் முதலில் சும்மா நகர்கிறது. லாரி எதிலாவது மோதினால், கயிறு விறைக்கும்போது அது ஏற்கெனவே நின்றிருக்கும். முழு வேகத்தோடு வரும் பாரத்தை, கயிறு நீள்கிற அந்தச் சில சென்டிமீட்டருக்குள் நிறுத்தியாக வேண்டும்.

காரில் கணக்குப் போடுவோம். சூத்திரம் எளிது: எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமோ அந்த எண்ணை, நிற்கும் தூரத்தால் வகுத்தால், உடம்பின் எடையைப் போல எத்தனை மடங்கு விசை விழும் என்று கிடைக்கும். 50 கி.மீ. வேகத்துக்கு உயரம் 10 மீட்டர். காரின் முன்பக்கம் நசுங்கும் அரை மீட்டருக்குள் நாயும் சேர்ந்து நின்றால் 10-ஐ 0.5-ஆல் வகுக்க, 20 மடங்கு. 30 கிலோ லேப்ரடார் மேல் 600 கிலோ விசை. பெரிய விசைதான், ஆனால் அகலமான பட்டை மார்பில் தாங்கினால் பிழைக்க வழி உண்டு.

அதே நாயை 60 செ.மீ. தொய்வுள்ள கயிற்றில் கட்டியிருந்தால்? கார் நின்று முடிய ஏறக்குறைய 0.07 நொடி. கயிறு விறைக்க அதைவிடச் சற்று அதிக நேரம் ஆகும். ஆகக் கார் நின்றுவிட்டது, நாய் இன்னும் 50 கி.மீ. வேகத்தில் போகிறது. கயிறும் பட்டையும் நீண்டுகொடுக்கும் 5 செ.மீ.-க்குள் அது நிற்க வேண்டும். 10-ஐ 0.05-ஆல் வகுத்தால் 200 மடங்கு, 6000 கிலோ. கடையில் வாங்கும் எந்தக் கொக்கியும் இதைத் தாங்காது, தாங்கினாலும் நாயின் உடம்பு தாங்காது. அதற்கும் முன்பே நாய் முன் சீட்டில் மோதியிருக்கும்.

"பாவம், கொஞ்சம் நடமாடட்டும்" என்று நீளமாகக் கட்டுவது பாசத்தில் செய்வதுதான். ஆனால் மோதும் நேரத்தில் கட்டாமல் விட்டதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. இதே காரணத்தால்தான் காரின் இரு பக்கக் கைப்பிடிகளுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் நாய் இடமும் வலமுமாகப் போய்வரும்படி விற்கும் 'ஜிப்லைன்' பட்டைகளும் ஆபத்தானவை. ரப்பர்போல் நீளும் பட்டையும் அப்படித்தான். அது அதிர்ச்சியை உறிஞ்சும் என்று சொல்லி விற்கிறார்கள். நடைமுறையில் நாயை முன் சீட்டுவரை போகவிட்டு, பிறகு சுண்டி இழுக்கிறது.

முட்டை அட்டையும் பூட்டாங்கயிறும்

தொய்வு இல்லாமல் கட்டிவிட்டோம். இனி, அந்த 600 கிலோ விசை நாயின் உடம்பில் எங்கே விழுகிறது?

நாமக்கல் முட்டைகள் கேரளாவுக்குக் குலுங்கிக் குலுங்கிப் போயும் உடையாமல் இருப்பதற்கு, 30 முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியும் ஒரு முட்டையைப் பல பக்கமும் பரவலாகத் தாங்குவதுதான் காரணம். அதே முட்டையை ஒரு நூலால் கட்டிச் சுண்டினால் ஓடு விட்டுப்போகும். விசை ஒன்றுதான், விழும் பரப்பு வேறு. ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு விசை விழுகிறது என்பதைத்தான் அழுத்தம் என்கிறோம். பரப்பு அகலமானால் அழுத்தம் குறையும்.

எந்த இடம் என்பதற்கு மாட்டுவண்டியைப் பாருங்கள். நுகத்தடி திமிலுக்கு முன்னால் கழுத்தின் மேல் உட்காரும், பாரத்தை எருது அங்கேதான் வாங்கும். தொண்டையைச் சுற்றிவரும் பூட்டாங்கயிறு, நுகம் நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. வண்டியில் பின்பாரம் ஏறி நுகம் மேலே தூக்கினால் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். வண்டி ஓட்டுகிறவர் பதறி இறங்கிப் பாரத்தை முன்னால் தள்ளுவார். பாரம் தொண்டையில் விழக் கூடாது என்று எருது விஷயத்தில் தெரிந்துவைத்திருக்கிறோம். நாய்க்கும் அதேதான்.

நாயின் கழுத்தில் மூச்சுக்குழாய், பெரிய ரத்தக் குழாய்கள், முதுகெலும்பின் மெல்லிய பகுதி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. மார்பில் விலா எலும்புக்கூடு கவசமாக இருக்கிறது. நடைக்குப் போகும்போது கழுத்துப்பட்டையில் பிடித்துக்கொள்ளலாம். காரில் பிணைப்பு ஒருபோதும் கழுத்தில் இருக்கக் கூடாது. மார்பையும் தோளையும் சுற்றிவந்து முதுகில் வளையம் வைத்த பட்டை அமைப்பைத்தான் ஹார்னஸ் என்று கடைகளில் விற்கிறார்கள். காருக்கு வேண்டியது அது.

சுருக்கமாக: நாய் காரோடு சேர்ந்து நிற்க வேண்டும், அதனால் தொய்வு கூடாது. விசை மார்பில் அகலமாக விழ வேண்டும், அதனால் கழுத்துப்பட்டை கூடாது. இனி வருவதெல்லாம் இந்த இரண்டையும் கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எப்படிச் செய்வது என்பதுதான்.

ஹார்னஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது

கடையில் தொங்கும் ஹார்னஸ்களில் பெரும்பாலானவை நடைக்குச் செய்தவை. நாய் இழுத்தால் தாங்கும், கார் மோதினால் தாங்காது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முதுகு வளையத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து மார்புவரை விசை எந்த வழியாகப் போகும் என்று பட்டையைத் தடவிக்கொண்டே போங்கள். நடுவில் எங்கேயாவது 'டக்' என்று மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் குறுக்கிட்டால் அது காருக்கு ஆகாது. மொத்த விசையும் அந்தப் பிளாஸ்டிக் பல்லில் விழும். உலோகக் கொக்கி இருக்க வேண்டும், அல்லது கிளிப் விசைவழியில் இல்லாமல் ஓரமாக இருக்க வேண்டும். வளையத்தில் பற்றவைத்த இணைப்பு தெரிய வேண்டும். வெறுமனே வளைத்துவிட்ட கம்பி விரிந்துவிடும். இணைப்புக் கொக்கி கையில் கனமாக இருக்க வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த பளபளப்பான லேசான கொக்கிகள் வளையாமல் படக்கென்று ஒடிகிற வகை.

பட்டையின் அகலம் பெரிய நாய்க்குக் காரின் சீட் பெல்ட் அளவுக்கு, அதாவது 4.5 முதல் 5 செ.மீ.; சிறிய நாய்க்கு 2.5 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. மார்பெலும்பின் மேல் மெத்தை வைத்த அகலத் தகடு இருப்பது நல்லது. தையல் ஒரே வரியாக இல்லாமல், சீட் பெல்ட்டில் இருப்பதுபோல் பெட்டியும் குறுக்குமாக அடர்ந்திருக்கட்டும்.

பெட்டியின் மேல் 'கிராஷ் டெஸ்ட் செய்யப்பட்டது' என்று போட்டிருந்தால் மூன்று விவரம் தேடுங்கள்: எந்த வேகத்தில், எத்தனை கிலோ எடையுள்ள பொம்மையை வைத்து, யார் சோதித்தார்கள்? மூன்றும் இல்லாவிட்டால் அந்த அச்சுக்குப் பொருள் இல்லை. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய 'சென்டர் ஃபார் பெட் சேஃப்டி' என்ற அமைப்பு, குழந்தைகள் சீட்டைச் சோதிக்கும் முறையிலேயே மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் நாய் ஹார்னஸ்களைச் சோதித்தது. 2013-இல் வெளியான அந்தச் சோதனையில் நம்பும்படி நின்றது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பட்டை கிழிவது, கொக்கி ஒடிவது, பொம்மை முன்னால் பறப்பது என்று ஒவ்வொரு விதமாகக் கோளாறு வந்தது.

அளவெடுப்பது இப்படி. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் மிகப் பருத்த இடத்தில் தையல் டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். கழுத்து தோளில் இறங்கும் இடத்தில் இன்னோர் அளவு. எடை தெரியாவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தொய்வு. மார்புப் பட்டையைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். அது தொண்டைக்கு ஏறினால் அளவு தவறு.

இன வித்தியாசமும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய்களுக்குத் தலை ஒடுக்கம், மார்பு ஆழம், இடுப்பு ஒல்லி. சாதாரண ஹார்னஸிலிருந்து பின்னால் நழுவி வெளியே வந்துவிடும். விலா முடியும் இடத்தில் இரண்டாவது பட்டை உள்ளதாகப் பாருங்கள். ரோமம் குறைவு என்பதால் அக்குளில் உராய்ந்து புண்ணாகும், அங்கே மெத்தை வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு ஏற்கெனவே சிரமம். அவற்றுக்குக் கழுத்தைச் சுற்றி எதுவும் அழுத்தக் கூடாது. குட்டி வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

காரில் எதில் மாட்டுவது

ஹார்னஸின் முதுகு வளையத்தையும் காரையும் சேர்க்கும் குட்டையான பட்டையை இணைப்புப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். அதை மாட்ட நாலு இடங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

சீட் பெல்ட் கொக்கி சொருகும் பெட்டியில் நேரடியாகச் சொருகும் நாக்கு உள்ள பட்டை, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் வருகிறது. நாக்கின் அகலம் காருக்குக் கார் மாறும். சில கார்களில் 'டிக்' என்ற சத்தம் கேட்கும், ஆனால் உள்ளே முழுதாகப் பூட்டியிருக்காது. சொருகியதும் இரண்டு கையாலும் மூன்று முறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இன்னொரு தொல்லை, நாய் சிவப்புப் பொத்தானை மிதித்துக் கழற்றிவிடும். பொத்தானின் மேல் மாட்டும் மூடி கிடைக்கிறது.

காரின் சீட் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகு வளையத்துக்குள் விட்டு மாட்டுவது இரண்டாவது. பெல்ட் சுருண்டிருக்கும் பெட்டி, மெல்ல இழுத்தால் விடும், சுண்டினால் பூட்டிக்கொள்ளும். அமைதியாகப் படுத்துக்கொள்ளும் நாய்க்கு இது நன்றாகவே ஒத்துவரும். துறுதுறு நாய் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு முன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி நிற்கும். அந்த நேரத்தில் மோதினால் பெல்ட் அங்கேயே பூட்டிக்கொள்ளும், தலை முன்னால்தான் இருக்கும். அப்படிப்பட்ட நாய்க்கு நீளம் மாறாத இணைப்புப் பட்டையே சரி.

மூன்றாவது ஐசோஃபிக்ஸ். பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் கைவிட்டால் 6 மி.மீ. தடிமனில் இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். குழந்தை சீட் மாட்டுவதற்காகக் காரின் உடலோடு பற்றவைத்தவை. நாய் மிதித்துக் கழற்ற முடியாது, எனவே நல்ல இடம். ஆனால் அவை குழந்தையும் சீட்டுமாகச் சேர்த்து 33 கிலோவுக்குக் கணக்கிட்டவை, அதுவும் இரண்டு கம்பிகளில். ஒரே கம்பியில் மாட்டும்போது அதைவிடக் குறைவான எடைக்கே நம்பலாம். பெரிய ஜெர்மன் ஷெப்பர்டுக்கு சீட் பெல்ட்டின் பிடிப்பே மேல்.

நாலாவது, தலைசாயும் குஷனின் கம்பியில் கோத்துவிடும் பட்டை. மலிவு, சுலபம், அதனால் அதிகம் விற்கிறது. அந்தக் கம்பி முன்பக்கம் இழுக்கும் விசைக்குச் செய்ததல்ல, கழன்று வந்துவிடும். கதவுக்கு மேலுள்ள கைப்பிடியும் அதே கதைதான். அது இரண்டு திருகாணியில் நிற்கிறது.

நீளம் எவ்வளவு? நாய் உட்காரவும் படுக்கவும் முடியும் அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான நாய்களுக்கு 20 முதல் 30 செ.மீ.-க்குள் அமைந்துவிடும். மாட்டியபின் நாயை முன்னால் கூப்பிட்டுப் பாருங்கள். மார்பு சீட்டின் விளிம்பைத் தாண்டினால் குறைக்க வேண்டும். தாண்டவிட்டால், பிரேக் போடும்போது பள்ளத்தில் பாதி விழுந்து தொங்கும். சீட் கவர்போல் முன்னும் பின்னும் மாட்டும் தொட்டில் துணி அந்தப் பள்ளத்தை மூடுவதற்கு நல்லது. சீட்டும் அழுக்காகாது. ஆனால் அது பிணைப்பு ஆகாது, மோதலில் துணி தாங்காது.

கூண்டில் வைப்பது

கூண்டு இரண்டு விதத்தில் காப்பாற்றும்: நாய் பறக்காது, விசை கூண்டின் சுவர் முழுக்கப் பரவும். முட்டை அட்டையின் வேலைதான். ஆனால் கூண்டையே கட்டாமல் வைத்தால், நாயோடு கூண்டும் சேர்ந்து பறக்கும்.

பூனைக்குட்டி அளவு நாய்க்கான சின்னக் கூடைக்குச் சிறந்த இடம், முன் சீட்டுக்குப் பின்னால் காலடிப் பள்ளம். முன் சீட்டைப் பின்னால் தள்ளி இடுக்கினால் எந்தப் பக்கமும் நகராது. சீட்டின் மேல் வைத்து சீட் பெல்ட்டால் சுற்றிக் கட்டுவது பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் அப்படிக் கட்டும்படி தயாரித்தவர் சோதித்திராவிட்டால், மோதும்போது பெல்ட்டே கூடையை நசுக்கிவிடும்.

பெரிய கூண்டை இன்னோவா, எர்டிகா போன்ற வண்டியில் பின் சீட்டின் முதுகை ஒட்டி, குறுக்குவாட்டில் வைத்து, தரையிலுள்ள உலோக வளையங்களில் சரக்குப் பட்டையால் இறுக்குங்கள். நாய் எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் போதும். பங்களா மாதிரிப் பெரிய கூண்டு வாங்கினால், உள்ளேயே நாய் தூக்கியடிக்கப்படும். சின்ன ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் கூண்டு வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பின்னால் வரும் வண்டி இடித்தால் முதலில் நசுங்கும் பகுதி அது. செடான் காரின் மூடிய டிக்கியில் காற்று கிடையாது, அங்கே உயிருள்ள எதையும் வைக்கக் கூடாது.

பிக்கப் வண்டியில் தோட்டத்து நாய்

தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகும் டாடா ஏஸிலும் பொலிரோ பிக்கப்பிலும் பின்னால் நாய் நின்றுகொண்டு வருவது நம் பக்கம் தினமும் பார்ப்பது. கழுத்தில் கயிறு கட்டி வைப்பது கட்டாமல் விடுவதைவிட மோசமாக முடியலாம்: இன்னொரு நாயைப் பார்த்துத் தாவினால், பக்கவாட்டுப் பலகைக்கு வெளியே கழுத்தில் தொங்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வெயிலில் தகரத் தரை பாதத்தைப் பொசுக்கும். கேபினுக்குள் ஹார்னஸோடு வைக்கலாம். இல்லாவிட்டால் கேபினை ஒட்டிக் கூண்டைக் கட்டி, மேலே நிழலுக்குத் துணி, கீழே சாக்கு போட்டு ஏற்றுங்கள். தேவையில்லாத வேதனை தரும் விதத்தில் விலங்கைக் கொண்டுபோவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

கொண்டை ஊசி வளைவுகளில்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. இங்கே வேகம் குறைவு என்பதால் பிணைப்புத் தேவையில்லை என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். வளைவில் நிலைமம் பக்கவாட்டில் வேலை செய்யும். 20 கி.மீ. வேகத்தில் ஓர் இறுக்கமான வளைவில் திரும்பினால், 30 கிலோ நாயை 9 கிலோ அளவு விசை பக்கவாட்டில் தள்ளும். விழாமல் இருக்க அது நகத்தால் சீட்டைப் பற்றும், ரெக்ஸின் வழுக்கும், மறு வளைவில் எதிர்ப்பக்கம். இப்படி 40 முறை. மேலே போய்ச் சேரும்போது நாய் எச்சில் வடித்து, வாந்தியெடுத்து, சோர்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டையான பிணைப்பில், வழுக்காத பாய் விரித்துப் படுக்கவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள், தண்ணீர் தரலாம். மனிதருக்கான வாந்தி மாத்திரையைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம். பயணத்தில் வாயைக் கட்டுவதும் கூடாது. நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்குகிறது, கட்டிய வாயில் வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போகும். ஜன்னலில் தலை நீட்டும் நாய் முன்னங்காலால் கண்ணாடிப் பொத்தானை மிதித்துத் தன் கழுத்தையே நசுக்கிக்கொள்ளலாம். டிரைவர் பக்கமுள்ள ஜன்னல் பூட்டை அழுத்திவைத்து ஓட்டுங்கள்.

பழக்குவதும் ஏற்றி இறக்குவதும்

ஹார்னஸை வாங்கிய அன்றே மாட்டிக் காரில் ஏற்றினால் நாய் அதைக் கடித்துக் குதறும். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் சோற்று நேரத்தில் மாட்டி, சாப்பிட்டதும் கழற்றுங்கள். பிறகு நிற்கும் காரில், எஞ்சினை அணைத்து, பிணைப்பை மாட்டிப் பத்து நிமிடம். அதன்பின் எஞ்சின் ஓட. கடைசியாகத் தெருவை ஒரு சுற்று. ஒரு வாரம் ஆகும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவசரமாகக் கூட்டிப்போக வேண்டிய நாளில் அந்த ஒரு வாரத்தின் அருமை தெரியும்.

பட்டையைக் கடிக்கிற நாயாக இருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விளிம்புகளைப் பாருங்கள். பாதி கடித்த பட்டை பாதிப் பலத்தைக்கூடத் தராது.

இறங்கும்போது நாய்கள் தொலைவதும் அடிபடுவதும் உண்டு. விஜயமங்கலம் டோலைத் தாண்டி டீக்கு நிறுத்துகிறீர்கள், கதவைத் திறக்கிறீர்கள், நாய் லாரிகளுக்கு நடுவே ஓடுகிறது. வரிசை மாறக் கூடாது: கதவு மூடியிருக்கும்போதே நடைக்கயிற்றை மாட்டி அதன் முனையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், அடுத்து இணைப்புப் பட்டையைக் கழற்றுங்கள், கடைசியில் கதவு. ஏற்றும்போது இதற்கு நேர்மாறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, தண்ணீர் காட்டி, கொஞ்சம் நடக்கவிடுங்கள்.

பிணைத்த நாயைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கரூரிலும் ஈரோட்டிலும் வெளியே 35 டிகிரி இருந்தாலே, வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50-ஐ எட்டிவிடும். ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைப்பதால் பெரிய மாற்றம் வராது. நாயின் இயல்பான உடம்புச் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி, அதற்குமேல் ஏற இடமில்லை. கட்டியிருப்பதால் நிழல் பக்கம் நகரவும் அதனால் முடியாது.

மாதம் ஒருமுறை தையல், வளையம், கொக்கி மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சும் கடும் வெயிலும் நைலானைப் பலவீனமாக்கும். ஒருமுறை மோதலில் மாட்டிய ஹார்னஸ், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், இழைகள் உள்ளே நீண்டு பலம் போயிருக்கும். அதை வேறு யாருக்கும் கொடுக்காமல், வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.